குழந்தையின் விளையாட்டிலுமா கொள்ளை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சூலூர்ப் பக்கத்தில் ஒரு மில் தொழிலாளியின் வீட்டுக்குப் பத்திரிகைச் சந்தா வசூலிக்கப் போயிருந்தோம். அவர் ஸ்பின்னிங்கில் சைடர். இரவு ஷிப்டு முடித்துவந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அப்பாவின் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் கணக்கு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். சரியாகக் கூட்டினால் திரையில் ஒரு கிளி பழம் தின்னும். தவறாகக் கூட்டினால் தலையை ஆட்டும். நன்றாகத்தான் இருந்தது, நாமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.

இரண்டு கணக்கு முடிந்ததும் ஒரு பொன்கூண்டு வந்தது. “அம்மா அப்பாவைக் கூப்பிடு, கிளிக்கு இந்தக் கூண்டை வாங்கிக் கொடு!” என்றது போன். குழந்தை அதைத் தள்ளிவிட்டு ஆடினாள். மறுபடியும் ஒரு கணக்கு, மறுபடியும் கூண்டு. நாம் பார்த்துக்கொண்டிருந்த கால்மணி நேரத்தில் ஐந்து கணக்கு வந்தது. காசு கேட்டு வந்த தடவைகளோ அதற்கு மேலே!

பேச்சுச் சத்தம் கேட்டுத் தகப்பனார் எழுந்து வந்தார். “ஏனுங்க தோழர், இதை வெச்சுப் படிச்சாப் புள்ள தேறுமுங்களா? பக்கத்து ஊட்டுப் பையன் பணங்கட்டி ஆடறானாம். இவ நாலு நாளா ஒரே அழுகை. மாசாமாசம் கட்டோணுமாம். கட்டலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

அன்று நாம் சரியான பதில் சொல்லவில்லை. எதையோ சொல்லி மழுப்பிவிட்டு, சந்தாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகவே இதை எழுதுகிறோம். அவர் ஒருவருக்கு மட்டும் வந்த கேள்வி அல்ல இது. மில் வாசலிலும் நடவு வயல் வரப்பிலும் இன்று இதே கேள்வி கேட்கப்படுகிறது.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். விளையாட்டாகப் பாடம் கற்பது கெட்ட வழக்கமா? பிரம்பை எடுத்தால்தான் படிப்பு வரும் என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது தவறு. ஏழு வயதுக் குழந்தைக்கு எண் என்பது கையில் பிடித்துப் பார்க்க வேண்டிய பொருள். பல்லாங்குழியில் 14 குழி; குழிக்கு 5 புளியங்கொட்டை போட்டால் 70. அதை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டு, எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டு ஆடிய நம் ஆத்தாமார்கள் ஒரு வகுப்பும் படித்ததில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலியை மடக்கப் பதினைந்து ஆட்டை எப்படி நகர்த்துவது என்று யோசிக்கிற பையன் மூளைக்கு வேலை கொடுக்கவில்லையா?

விளையாட்டுப் பாடசாலையைக் கண்டு ராஜாங்கங்களே நடுங்கிய காலம் உண்டு. ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற ஆசிரியர் மரப்பந்தும் மரக்கட்டையும் கொடுத்துச் சிறு குழந்தைகளுக்குப் பாடம் தொடங்கியது 1837இல். ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரை வைத்தவரும் அவரே. 1851இல் பிரஷ்ய சர்க்கார் அந்தப் பாடசாலைகளைத் தடை செய்தது. என்ன குற்றம்? நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகிறார்களாம்! மரக்கட்டை அடுக்குகிற நான்கு வயதுக் குழந்தை சோஷலிசம் பரப்புகிறதாம்! ஃப்ரோபெல் மறு ஆண்டே காலமானார். 1860இல்தான் தடை நீங்கியது. அன்று தடை போட்டார்கள், இன்று விலை போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு சரித்திரமும் நம் ஜனங்கள் அறிய வேண்டியது. இன்று ‘மாண்டிசோரி’ என்றால் பணக்கார வீட்டுக் குழந்தைகள் படிக்கும் பள்ளி என்றுதான் நம் ஊர்களில் எண்ணுகிறார்கள். மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த இடம் எது தெரியுமா? ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பு. 1907 ஜனவரி 6. தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் படிக்கட்டில் ஓடிச் சுவரைக் கிறுக்கிக் கெடுப்பார்கள். வாடகை வாங்கும் கட்டடக் கம்பெனி யோசித்தது: சுவருக்குச் செலவழிப்பதைவிட ஓர் அறையைக் கொடுத்துப் பிள்ளைகளை ஓர் இடத்தில் வைத்திருப்பது லாபம்! கம்பெனி காப்பாற்ற நினைத்தது சுவரை. அம்மையாரோ அந்தப் பிள்ளைகளின் கையில் மணிகளையும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளையும் கொடுத்தார். விரலால் தடவித் தடவியே கூலிக்காரன் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள். 1939இல் அந்த அம்மையார் சென்னை அடையாற்றுக்கே வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, யுத்த காலம் முழுவதும் இந்தியாவில் தங்கியிருந்தார். கூலிக்காரன் பிள்ளைகளை வைத்துக் கண்டுபிடித்த முறை கூலிக்காரன் பிள்ளைக்கு எட்டாமல் போனது எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

நம் சர்க்கார் பள்ளிகளில் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்துச் செய்தது. படம் போட்ட அட்டைகள், ஏணிப்படி போட்ட சுவர், தரையில் பாய், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுற்றிலும் கரும்பலகை. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளின் நிலைக்கு ஏற்றபடி பாட்டும் ஆட்டமுமாகப் பாடம். குறைகள் உண்டு, பின்னால் சொல்கிறோம். ஆனால் அந்த அட்டையும் பாட்டும் குழந்தையிடம் ஒரு காசு கேட்டதில்லை. அதை மறக்கக் கூடாது.

இப்போது போனில் வரும் விளையாட்டுக்கு வருவோம். திண்ணையில் நாம் கண்ட பொன்கூண்டு நம்மூர்ச் சரக்கு மட்டுமல்ல. அதன் அண்ணன் தம்பிகள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

கனடா நாட்டில் புரோடிஜி என்றொரு கம்பெனி. அதன் கணக்கு விளையாட்டை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏராளமான பள்ளிகளில் ஆசிரியர்களே குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு மந்திரவாதி. கணக்குப் போட்டால் பூதத்தை வெல்லலாம். பள்ளிக்கு இலவசம். அதே பிள்ளை வீட்டுக்குப் போய் ஆடும்போது சந்தா கேட்கும். 2021 பிப்ரவரியில் குழந்தைகளின் நலனுக்காகப் பாடுபடும் அமெரிக்க அமைப்புகள் வியாபாரத்தைக் கண்காணிக்கும் மத்திய கமிஷனிடம் இந்தக் கம்பெனியின் மீது புகார் கொடுத்தன. 19 நிமிட ஆட்டத்தில் சந்தா விளம்பரம் 16 தடவை, கணக்கு 4 தான் என்று அந்தப் புகார் சொல்லியது! இன்னொன்றும் சொல்லியது. அதைப் படித்தபோது நமக்கு நெஞ்சு கொதித்தது. சந்தா கட்டிய குழந்தையின் மந்திரவாதி மேகத்தின் மேல் மிதந்து போவான். கட்டாத குழந்தையின் மந்திரவாதி கீழே மண்ணில் நடந்து போவான்!

தோழர்களே, அந்தக் காட்சியை ஒரு நிமிஷம் மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இரண்டு பேரும் ஏழையும் எட்டையும் சரியாகத்தான் கூட்டினார்கள். ஒருவன் மேகத்தில், ஒருவன் மண்ணில். கூட்டல் கணக்கோடு கூடவே வேறொரு பாடமும் அந்த இடத்தில் நடக்கிறது: காசு உள்ளவன் மேலே, இல்லாதவன் கீழே, இதுதான் உலகம் என்ற பாடம். தனிக் குவளையும் தனிப் பந்தியும் வைத்து நம்மை நடத்திய மிராசுதார்கூட, ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை இவ்வளவு அழகான படம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததில்லை.

கம்பெனியின் பதில் என்ன? படிப்பு சம்பந்தப்பட்டதெல்லாம் இலவசம், சந்தா கட்டுவது அவரவர் விருப்பம் என்கிறார்கள். விருப்பமாம்! யாருடைய விருப்பம்? எட்டு வயதுக் குழந்தையைத் தூண்டிவிட்டு, தகப்பனிடம் போய் அழச் சொல்வதற்குப் பெயர் விருப்பமா? மிட்டாய்க்காரன் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியேதான் நின்று விற்றான். இவர்களுக்கு உபாத்தியாயரே கதவைத் திறந்து உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தார். கணக்கு இலவசம் என்பதுதான் அந்தக் கதவைத் திறந்த சாவி.

நம் நாட்டு அனுபவமும் கசப்பானதே. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அந்த ஒன்றரை வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில் படிப்பு என்றால் போன் என்றாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு போன். அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். நெட் தீர்ந்தால் பாடமும் தீர்ந்தது. அந்தச் சமயத்தில்தான் கல்வி வியாபாரிகளின் காட்டில் மழை பெய்தது. பைஜூஸ் என்ற பெங்களூர்க் கம்பெனியை நாம் எல்லோரும் அறிவோம். இந்திய கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் சட்டையிலே அதன் பெயர் இருந்தது. 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று பணமூட்டைகள் மதிப்புப் போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 2,500 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பப்போவதாக அறிவிப்பு வந்தது. டிசம்பரில், பெற்றோரிடம் பாடத்தை விற்ற விதத்தைப் பற்றி விளக்கம் கேட்டுத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைவருக்குச் சம்மன் அனுப்பியது. 2024 ஜூலையில் சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக அதைத் திவால் நடவடிக்கைக்கு இழுத்துப்போனது யார்? அந்தச் சட்டைக்குச் சொந்தமான கிரிக்கெட் வாரியமே! இதை நம்பித்தான் குழந்தைகளின் படிப்பை ஒப்படைக்கச் சொன்னார்கள்.

இதற்கு எதிர்ப்புறம் ஒரு காட்சி. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, நம் தெருக்களில் படித்த பெண்கள்தான் மாலை வேளையில் திண்ணையிலும் கோவில் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, பாட்டும் கதையும் விளையாட்டுமாக விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். நாள் ஒன்றுக்கு 33 ரூபாய் சொச்சம்! களை எடுக்கப் போனாலும் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். மேகத்தை விற்றவனுக்குக் கோடி, மண்ணில் பாயைப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவளுக்கு 33 ரூபாய்.

பணத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு 2022 மே மாதத்தில், கொரோனா காலத்தில் 49 நாடுகளின் சர்க்கார்கள் சிபாரிசு செய்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது, குழந்தைகளின் உரிமையைப் பாதிக்கும் வகையில் அவர்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டுவதாகவோ, திரட்ட வசதி வைத்திருப்பதாகவோ அது கண்டது. நம் மத்திய சர்க்காரின் தீக்ஷாவும் அந்த விமர்சனத்துக்குத் தப்பவில்லை. குழந்தை எங்கே இருக்கிறது, எதைத் தொடுகிறது, எதில் தயங்குகிறது என்பதெல்லாம் சரக்காகிறது. மில் கேட்டில் நம்மைச் சோதனை போடுவது தெரியும். பிள்ளை விளையாடும்போது நடக்கும் சோதனை கண்ணுக்கே தெரிவதில்லை.

இதைக் கேட்டதும் நம் தோழர்களில் சிலர், “அப்படியானால் போனைத் தூக்கி எறி!” என்பார்கள். கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும், அவ்வளவுதான். மில்லில் புது இயந்திரம் வந்தபோது நாம் என்ன சொன்னோம்? இயந்திரத்தை உடை என்றா சொன்னோம்? வேலைப்பளுவை ஏற்றாதே, ஆளைக் குறைக்காதே, இயந்திரத்தால் வந்த லாபத்தில் எங்களுக்கும் பங்கு கொடு என்றோம். ஆள் குறைந்ததற்கு ரிங் பிரேம் காரணமா, முதலாளி காரணமா? அதே கேள்வியைத்தான் இங்கேயும் கேட்க வேண்டும்.

காசு கேட்காத கருவிகளும் உண்டு என்பதை ஏனோ யாரும் தண்டோரா போட்டுச் சொல்வதில்லை. ஜிகாம்ப்ரி என்றொரு கணினித் தொகுப்பு இருக்கிறது. பிரான்சில் ஒரு பொறியாளர் 2000இல் தொடங்கியது. எண்ணுதல், எழுத்து, கடிகாரம் பார்த்தல், சதுரங்கம் என்று சிறு குழந்தைகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து வளர்த்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். விளம்பரம் இல்லை, கணினியில் ஏற்றிவிட்டால் நெட்டும் தேவையில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழிலேயே படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தொழிலாளியின் பிள்ளைக்கு ஏற்ற கருவிகள் இவை. பொன்கூண்டு இல்லாமலும் கிளி பழம் தின்னும்!

ஆனால் எந்தக் கருவியானாலும் அதை எடுத்துக் குழந்தை கையில் கொடுக்க, தவறு செய்யும்போது எங்கே தவறியது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். 37 உடன் 25ஐக் கூட்டி 512 என்று ஒரு குழந்தை எழுதினால், போன் ‘தப்பு’ என்று சொல்லும். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று அப்படியே எழுதிவிட்டு, பத்தைத் தள்ளிவைக்க மறந்த குழந்தை அது என்பதை டீச்சர்தான் கண்டுபிடிப்பார். பத்துக் குச்சியை ஒரு கட்டாகக் கட்டிக் காட்டுவார். அடுத்த தடவை தவறாது.

அந்த டீச்சர் எங்கே? இங்கேதான் சர்க்காரின் வண்டவாளம் வெளிப்படுகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? ஒன்று முதல் ஐந்து வகுப்புவரை 60 பிள்ளைகள்வரை உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்! ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் ஐந்துக்கும் ஒருவர். தமிழ்நாட்டில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தார்கள், ஸ்மார்ட் வகுப்பறை வைத்தார்கள். நல்லது, வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மதிப்பீட்டை ஆன்லைனில் ஏற்று, விவரத்தைப் பதிவு செய் என்று வேலை ஏறிக்கொண்டே போகிறது, சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் முறையிட்டது யார் காதில் விழுந்தது? நாலு சைடு பார்க்கிறவனிடம் ஆறு சைடைக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு போனையும் கொடுத்து உற்பத்தியை எழுதிக்கொண்டே இரு என்பது போன்றது இது. இதில் நாம் ஆசிரியர்களின் பக்கம்.

அதே சட்டத்தின் அட்டவணையில் இன்னொரு வரியும் இருக்கிறது. விளையாட்டுப் பொருள்களும் விளையாட்டுச் சாமான்களும் ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைப்படி வழங்கப்பட வேண்டும் என்கிற வரி. வழங்கப்பட வேண்டும் என்றால் தர்மம் அல்ல, சட்டம். அந்தச் சாமான்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா, வரவே இல்லையா, வந்து உடைந்தனவா என்று எத்தனை பெற்றோர் போய்க் கேட்டிருக்கிறோம்? நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். போனஸ் கணக்கைப் பைசா சுத்தமாகக் கேட்கத் தெரிந்த நமக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், அதில் பெண்கள் பாதி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கூட்டத்துக்குப் போகாமல் கையெழுத்தை மட்டும் வீட்டிலிருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சூலூர்த் தோழருக்கு நம் பதில் இதுதான். பணம் கட்ட வேண்டாம். காசு கேட்கிற அந்த விளையாட்டைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளையை அடிக்காதீர்கள், அழுகை அவளுடைய குற்றமல்ல, அழவைப்பதற்கென்றே படம் போட்டவர்களின் குற்றம். ஷிப்டு இல்லாத நாளில் அரைமணி நேரம் அவளோடு உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுங்கள், தோற்றுப்போவீர்கள், பரவாயில்லை.

சென்ற வாரம் மறுபடியும் போய் இதை நேரிலேயே சொன்னோம். அன்று மாலை அவர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பெற்றோர் கூடினார்கள். வகுப்புவாரியாக விளையாட்டுச் சாமான் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும், காலியான ஆசிரியர் இடத்தை நிரப்ப வேண்டும், பள்ளிக் கணினியில் காசில்லாத விளையாட்டுகளை ஏற்றிப் பள்ளி நேரத்திலேயே முறை வைத்து ஆடவிட வேண்டும், வீட்டுப் போனில் செய்யும்படி எந்தப் பாடமும் கொடுக்கக் கூடாது என்று மனு தயாராயிற்று. எழுதியவர் அந்தக் குழந்தையின் தாயார். எட்டாவதுவரை படித்தவர், கோன் வைண்டிங்கில் வேலை. இதுவரை 31 கையெழுத்து விழுந்திருக்கிறது. இரவு ஷிப்டுக்காரர்கள் கையெழுத்து பாக்கி; வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் வாங்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.